புதன்கிழமை வருகிறேன்

லூயிஸ்டன்காரர்கள் கடற்கரைக்குப் போவது நாலு நாளாவது தெரிந்த முகம் எதையும் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான். போய்ப் பார்த்தால் மொத்த லூயிஸ்டனும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வருஷம் முழுக்க ஒரே கூரையின் கீழ் ஷூ தைத்துவிட்டு, முதலாளி ஃபாக்டரியைப் பூட்டுகிற ஒரே வாரத்தில் எல்லோரும் ஒரே ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு ஓல்ட் ஆர்ச்சர்டில் போய் இறங்கினால் வேறு என்ன ஆகும்? பக்கத்து பெஞ்சுக்காரன் பக்கத்துக் கேபினில் இருப்பான். ஃபோர்மேன் அரைக்கால் சட்டையோடு எதிரே வருவார். அந்த வெளுத்த கால்களைப் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவருக்கு வணக்கம் சொல்லவேண்டும்.

அந்த வாரத்துக்கு எங்களிடம் தனிப் பெயர் கிடையாது. 'நம்ம வாரம்' என்போம், அவ்வளவுதான். ஜூலை நாலாம் தேதி எந்த வாரத்தில் விழுகிறதோ அது நம்ம வாரம். கல்யாணம், ஞானஸ்நானம், பல் பிடுங்குவது எல்லாம் அதற்கு முன்னால் அல்லது பின்னால். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்தது. எழுபத்தெட்டில் மட்டும் பெரிய ஆர்டர் ஒன்று வந்து, ஜூன் நடுவில் கார்டு அடிக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். லீவு ஒரு வாரம் தள்ளி. இரண்டு நாள் ஃபாக்டரி முழுக்க முணுமுணுப்பு. அப்புறம் பாதிரியார் கோயில் சந்தையைத் தள்ளி வைத்தார், முடிவெட்டுகிறவன் கதவில் வேறு தேதி மாட்டினான், ரோலாந்த் கிமோன், கடற்கரையில் கேபின் வாடகைக்கு விடுகிற கூகின்ஸ் அம்மாளுக்கு ஃபோன் போட்டு இடத்தை மாற்றிக்கொண்டாள். ஊரே ஒரு வாரம் நகர்ந்து உட்கார்ந்தது. அதற்குப்பின் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கேபின்களுக்குப் பெயர் 'கடல் காட்சி'. ஆறாம் நம்பரிலிருந்து தெரிந்தது உருளைக்கிழங்கு வறுக்கிற கடையின் பின்பக்கமும் எண்ணெய் டின்களும்தான். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை காரிலிருந்து இறங்கியபோது ரோலாந்துக்கு அந்தச் சின்ன மர வீடு அரண்மனை மாதிரி இருந்தது. வாசலில் மூன்று படி. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மடக்குக் கட்டில். அவள் கண் போனது மடக்குக் கட்டில் மேல்தான். யாரும் பார்க்காத நேரம் அதை விரித்து, விரிப்பு போட்டு, மறுபடி மடித்து வைத்தாள்.

மூத்த மகள் க்ளோடெட் வரப்போகிறாள். இரண்டு வருஷம் கழித்து. அது ரோலாந்துக்கு மட்டும்தான் தெரியும் என்று ரோலாந்த் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். ரோலாந்தின் புருஷன் ஃபெர்னான் ஷூ ஃபாக்டரியில் கையால் தைக்கிறவன், நல்ல கை. க்ளோடெட்டுக்குப் பதினெட்டு முடிந்ததும் ஃபோர்மேன் லூசியன் வெலெட்டிடம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்று அவளுக்குத் தைக்கிற பெஞ்சு ஒன்று கேட்டான். யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன். வெலெட் கொடுத்தார். மூன்றாவது வாரம், மத்தியானம், எல்லோரும் வேலையில் இருக்கும்போது க்ளோடெட் எழுந்தாள். ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அத்தனை பேர் பார்க்க வாசல் வழியாக நடந்து வெளியே போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஃபெர்னான் சொன்னான்: "நாங்க தைக்கிறது கேவலம்னு நினைக்கிறவ இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க வேண்டாம்." அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே. மறுநாளே கனெக்டிகட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே எஞ்சின் பாகம் செய்கிற ஃபாக்டரியில் வேலை, ஒரு விடுதியில் அறை.

ரோலாந்த் ஏப்ரலில் எழுதினாள். 'நம்ம வாரத்தில் வழக்கமான கேபின்தான் போட்டிருக்கிறோம், செவ்வாய் முதல் வெள்ளி வரை. நீ வா.' அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நிற்கவில்லை. 'அப்பாவும் உன்னை வரச்சொன்னார்' என்று சேர்த்துவிட்டாள். அப்பா சொல்லவே இல்லை. மே மாதக் கடைசியில் பதில் வந்தது. 'அப்பா சொன்னது நிஜமாக இருந்தால் வருகிறேன். கடற்கரைதானே, வீட்டு வாசப்படி இல்லையே. புதன்கிழமை வருகிறேன், மத்தியானத்துக்குள்.'

கையில் காகிதம் இருக்கும் வரை எல்லாம் எளிதாக இருந்தது. வந்து நின்றபின் அப்பனும் மகளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள், அதற்குமேல் என்னைக் கொன்றாலும் சரி என்று இருந்தாள்.

புதன்கிழமை காலை கடல்மேல் மூடுபனி. மீன் நாற்றமும் வறுத்த மாவு நாற்றமும் கலந்து கேபினுக்குள் வந்தது. ஃபெர்னான் இரண்டு தடவை முகம் மழித்தான். பெட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"கடலுக்குள்ள யாருக்காச்சும் கல்யாணமாப்பா?" என்றாள் சின்னவள் லீஸ். பதினாலு வயது. வாய்க்குக் குறைச்சலில்லை.

ஃபெர்னான் அவள் உதட்டைப் பார்த்தான். பையனாக இருந்தபோது ஒன்பது வருஷம் பஞ்சு மில்லின் தறிக்கூடத்தில் நின்றவன். இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காதில் கொஞ்சம் மிச்சம், மீதியை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வான். "மத்த சட்டையில பொத்தான் இல்ல" என்றான்.

"இருக்கே. நாந்தானே பெட்டியில வெச்சேன்."

"அப்ப அது வேற சட்ட. போய்க் குளி போ."

வெலெட் பக்கத்துத் தெருவில்தான் தங்கியிருக்கிறார், அவருக்காகத்தான் இந்த அலங்காரம் என்று ரோலாந்த் நினைத்தாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. மாவுக்குள் சால்மன் மீன் வைத்து வீட்டிலேயே சுட்டு, துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அப்பத்தை அடுப்பில் சூடு செய்யவேண்டும், முட்டைச் சாறு காய்ச்சவேண்டும். க்ளோடெட்டுக்கு அதன்மேல் உயிர்.

பத்தரைக்கு ஒரு பஸ், பன்னிரண்டுக்கு ஒரு பஸ். இரண்டுக்கும் "பால் வாங்கிட்டு வரேன்", "வினிகர் வாங்கிட்டு வரேன்" என்று பஸ் நிற்கிற சதுக்கத்துக்குப் போய் நின்றாள். க்யூபெக்கிலிருந்து வந்த குடும்பங்கள் இறங்கின, மெத்தையையே சுருட்டிக்கொண்டு வந்தவன் ஒருவன் இறங்கினான். இரண்டரை மணிப் பஸ்ஸில் ஒரு பெண்ணின் தோளைப் பார்த்து இரண்டடி ஓடினாள். திரும்பியபோது வேறு யாரோ. அவளுக்குக் கோபம் வந்தது, அந்தப் பெண்ணின் மேலே.

மத்தியானம் போய்விட்டது. மீன் அப்பத்தை மூன்று பேராகத் தின்றார்கள். ஒரு துண்டு தட்டில் மிச்சம் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. லீஸ்கூடத் தொடவில்லை, அதுதான் ஆச்சரியம்.

சாயங்காலம் மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது வெலெட் வந்தார். கையில் சிவப்பு ஹாட்டாக், மூக்கில் வெள்ளைக் களிம்பு.

"என்ன ஃபெர்னான், வெள்ளச் சட்டை. பூசை வைக்கப் போறியா?"

"பாதிரியாரும் லீவுல போயிருக்கார்ல. ஆள் வேணும்ல."

வெலெட் சிரித்தார். "உன் கை எப்படி இருக்கு? கட்டைவிரல் வீக்கம் எறங்கிச்சா?"

"உப்புத் தண்ணியில வெச்சா எறங்கும்."

"ஐஸ் தண்ணிடா இது. விரலே கழண்டு விழுந்துரும்." லீஸைப் பார்த்தார். "இவ ஒருத்திதானா உங்களுக்கு?"

ரோலாந்த் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாள் முழுக்கப் பஸ் பார்த்து அலுத்த வாய். "மூத்தவ ஒருத்தி இருக்கா, மிஸ்யே வெலெட். உங்ககிட்டத்தான் மூணு வாரம் வேல பார்த்தா. ரெண்டு வருஷம் முன்னால. பாதி நாள்ல எழுந்து போனாளே."

வெலெட் ஹாட்டாக்கை மென்றபடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லம்மா. மூணு வாரத்துல எழுந்து போறவங்க மாசத்துக்கு நாலு பேர். யார் யாருன்னு எங்க வெச்சுக்கறது?" கடுகுச் சாந்தை விரலால் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துபோனார்.

ஃபெர்னான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டான் என்று ரோலாந்துக்குத் தெரியும். எழுந்து, ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய் நின்றான். ரொம்ப நேரம் நின்றான். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் எவனும் அவ்வளவு நேரம் நிற்கமாட்டான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்காது.

வியாழக்கிழமை காலை அவன் பைன் பாயிண்ட்டுக்குப் போகலாம் என்றான். வடக்கே கொஞ்ச தூரம், தண்ணீர் வடிந்த சேற்றில் சிப்பி தோண்டலாம். அங்கிருந்து திரும்பி பிடஃபர்ட் பூலுக்கும் போய்ப் படகு பார்க்கலாம். வருஷா வருஷம் செய்கிறதுதான்.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்குத் தலவலி" என்றாள் ரோலாந்த்.

"வருஷத்துக்கு ஒரு தடவ வர்றோம்."

"வருஷத்துக்கு ஒரு தடவதான் எனக்குத் தலவலியும் வருது. போய்ட்டு வா."

"இங்க தனியா உக்காந்து என்னம்மா பண்ணுவே?" என்றாள் லீஸ். "எண்ணெய் டின்ன எண்ணுவியா?"

"ஆமா. நேத்து பதினேழு இருந்துச்சு. ஒண்ணு கொறையுது."

ஃபெர்னான் அவளை ஒரு பார்வை பார்த்தான், வாளியை எடுத்துக்கொண்டான், போய்விட்டான். ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா, என்ன விஷயம் என்று? கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள், அது வேறு. ஆனாலும் கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

கார் போனபின் கேபின் வெறிச்சென்றிருந்தது. வெளியே கடற்கரை முழுக்கக் கூச்சல். ராட்டினத்தின் பாட்டு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நின்று மறுபடி ஆரம்பித்தது. இத்தனை ஜனத்துக்கு நடுவில் இப்படி ஒரு தனிமை இருக்கமுடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். மில்லில் எட்டு வருஷம் அவளும் இருந்தவள்தான். அந்த இரைச்சலில்கூட எதிர்த்தறியில் நிற்கிறவளோடு உதட்டாலேயே பேசிக்கொண்டிருப்பாள். இங்கே பேச ஒரு ஆள் இல்லை. படியில் உட்கார்ந்து துவைத்த துணியைப் பிழிந்தாள்.

ஏழாம் நம்பரிலிருந்து ஒரு தடித்த அம்மாள் வெளியே வந்து கொடியில் நீச்சல் உடுப்புகளை மாட்டினாள். க்யூபெக்கில் போஸ் பக்கத்துக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. பெயர் மதாம் பூலேன். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் பெண்டாட்டி. இரண்டு வாரம் லீவாம்.

"ரெண்டு வாரமா!" என்றாள் ரோலாந்த்.

"பள்ளிக்கூடம் மூடித்தானே கெடக்கு. ரெண்டு நாளா இவரோட தங்கச்சி மகனப் பாக்கக் கென்னபங்க் போயிருந்தோம். சோறா அது? கோழிய வேக வெச்சு உப்பு போடாமக் குடுத்தா அந்தப் பொண்ணு. நீங்க எங்கேருந்து?"

"லூயிஸ்டன். ஷூ ஃபாக்டரி. கிமோன்னு சொல்வாங்க."

மதாம் பூலேனின் கையில் பிடித்த கிளிப் அப்படியே நின்றது. "கிமோனா? நீங்கதானா அந்த கிமோன்?"

"எந்த கிமோன்?"

"அட, போன வாரம் ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சே. பொட்டியோட. நல்ல உயரம், முடிய ஒட்ட வெட்டியிருந்துச்சு. ஆறாம் நம்பர்ல அப்ப பாஸ்டன்காரங்க இருந்தாங்க, அவங்களுக்கு பிரெஞ்சு ஒரு எழுத்து வராது. நாந்தான் பேசுனேன். கிமோன்னு இங்க யாரும் இல்லையேம்மான்னேன்."

ரோலாந்த் பிழிவதை நிறுத்தினாள். "எந்தக் கெழமை?"

"புதன்கெழமை. பன்னெண்டு மணி இருக்கும். நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் படிதான். பாஸ்டன்காரங்க கடலுக்குப் போனதும் அங்க உக்காந்துருச்சு. ஆஃபீஸ்ல போய்க் கூகின்ஸ் அம்மாகிட்டக் கேளேன்னு சொன்னேன். வேண்டாம்னுச்சு. 'அவங்க வரலைன்னா வரலைன்னுதான் அர்த்தம்'னுச்சு. காப்பி குடுத்தேன். பாதி குடிச்சுட்டு ஆற வெச்சுருச்சு. மறுநாளும் வந்துச்சு. அன்னிக்கு மழ. எங்க வீட்டுக்காரர்தான் உள்ள கூப்ட்டு உக்கார வெச்சார்."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள். போறப்ப எங்கிட்டச் சொன்னா, 'எங்கப்பா மனசு மாறிட்டார் போல'ன்னு." மதாம் பூலேன் அப்போதுதான் ரோலாந்தின் முகத்தைப் பார்த்தாள். "உங்க பொண்ணாம்மா?"

ரோலாந்த் தலையை ஆட்டினாள். கையில் பிழிந்த துண்டு அப்படியே இருந்தது.

நம்ம வாரம் என்று எழுதினாள். தேதி போடவில்லை. யார் தேதி போடுவார்கள்? இருபத்திரண்டு வருஷமாக யாருக்கு யார் தேதி சொன்னார்கள்? வாரம் மாறியதும் முடிவெட்டுகிறவனுக்குத் தெரிந்தது, பாதிரியாருக்குத் தெரிந்தது, கூகின்ஸ் அம்மாளுக்கு அவளே சொன்னாள். ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மகள் ஊரில் இல்லை என்பது அவள் புத்தியிலேயே ஏறவில்லை. இரண்டு வருஷமாக தினம் அழுதிருக்கிறாள், அவள் ஊரில் இல்லையே என்று. ஆனாலும் ஏறவில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மதாம் பூலேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல், மிச்சத் துணியைப் பிழிந்து கொடுத்தாள்.

நாலு மணிக்கு இரண்டு பேரும் அரை வாளி சிப்பியோடு திரும்பினார்கள். முழங்கால் வரை சேறு. ரோலாந்த் லீஸைச் சிப்பி கழுவச் சொல்லிவிட்டு ஃபெர்னானைக் கையைப் பிடித்துத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடற்கரையில் ரகசியம் பேசுவது எங்கள் ஜனத்துக்கு லேசான காரியம் இல்லை. மணலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் மில்லில் இருந்தவர்கள். ஐம்பது அடி தள்ளி நின்று பேசினாலும் உதட்டைப் படித்துவிடுவார்கள். அதனால் ரோலாந்த் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஃபெர்னான் தண்ணீருக்குள் இறங்கி அவளைப் பார்த்து நின்றான். பேசும்போதெல்லாம் மீசையைத் தடவுகிற மாதிரி கையால் வாயை மறைத்துக்கொண்டான்.

"க்ளோடெட் வந்திருந்தா" என்றாள், குரல் இல்லாமல்.

"எங்க?"

"இங்கதான். போன வாரம் புதன்கெழமை. ரெண்டு நாள் நம்ம படியில உக்காந்துட்டுப் போயிருக்கா."

அலை வந்து அவன் கால்சட்டையை நனைத்தது. "வாரம் மாறுனத நீ எழுதலையா?"

"தோணல. ஊருக்கே தெரியுமேன்னு இருந்துட்டேன்."

"அவ ஊர்ல இல்லையே, ரோலாந்த்."

"தெரியுது. இப்பத் தெரியுது." மென்று முழுங்கினாள். "இன்னொண்ணு இருக்கு. நீ வரச்சொன்னேன்னு நானா எழுதிட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ பதில் போட்டாள்ல. பிரெட் டப்பாவுக்கு அடியில வெச்சிருந்தே. காலையில அஞ்சு மணிக்கு பிரெட் எடுக்கறது யாரு? நீயா?"

அவள் அவனையே பார்த்தாள். "படிச்சுட்டு ஏன் சும்மா இருந்தே?"

"நீ சொன்ன பொய் நல்லாருந்துச்சு. நான் வாயத் தொறக்காமலே காரியம் முடிஞ்சுரும்னு பாத்தேன்." கையை வாயிலிருந்து எடுத்தான். யார் படித்தாலும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டான் போல. "நேத்து அந்தச் சட்டை வெலெட்டுக்குன்னு நெனச்சியா?"

நேற்று முழுக்க அவள் பஸ் ஸ்டாப்பிலும் இவன் கேபினிலும், ஒரே பெண்ணுக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல் காத்திருந்திருக்கிறார்கள்.

"அவ வரலைன்னதும் என்னாலதான் வரலைன்னு இருந்தேன்" என்றான். "அதான் இங்க உக்கார முடியல. சிப்பி ஒரு சாக்கு."

"ஃபோன் போடுவோம். விடுதி நம்பர் எங்கிட்ட இருக்கு."

"நீ பேசு. எனக்கு ஃபோன்ல என்ன கேக்கும்?"

"கேக்க வேண்டாம். சொன்னாப் போதும்."

அலைக்கு மேல் நீண்டிருக்கும் பாலத்தின் முகப்பில் ஒரே ஒரு ஃபோன் கூண்டு, நாலு பக்கமும் கண்ணாடி. சாப்பாடு முடிந்த நேரம் அங்கே எப்போதும் வரிசைதான். வெயில் இறங்கி மணல் ஆறிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு முன்னால் ஆறேழு பேர், பின்னால் சேர்ந்துகொண்டே போனார்கள். எல்லாம் தெரிந்த முகம். நாலு பேருக்குப் பின்னால் வெலெட்டும் வந்து நின்றார். மச்சானுக்கு ஃபோன் போடவேண்டுமாம்.

முறை வந்ததும் ரோலாந்த் ஃபெர்னானையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு பேர் நிற்கிற இடமா அது? அவன் தோள் அவள் கன்னத்தில் இடித்தது. சில்லறையைப் போட்டாள். விடுதியில் யாரோ எடுத்து, மாடிப்படியில் பெயரைக் கூவினார்கள். செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"ஹலோ" என்றாள் க்ளோடெட்.

"நாந்தாண்டி. ஓல்ட் ஆர்ச்சர்ட்லேருந்து. வாரத்த மாத்திட்டாங்கடி. ஜூன்ல தாள் ஒட்டினாங்க. நாங்க செவ்வாய்க்கெழமதான் வந்தோம்."

"மாத்திட்டாங்களா?"

"ஒரு வாரம் தள்ளி."

"எங்கிட்ட யாரும்மா சொல்லணும்?"

"நாந்தான். நான் சொல்லல. எனக்குத் தோணவே இல்ல."

"ரெண்டு நாள் உக்காந்திருந்தேம்மா."

"தெரியும். ஏழாம் நம்பர் அம்மா சொன்னாங்க."

"அவங்க நல்லவங்க" என்றாள் க்ளோடெட். "இனிமே எனக்கு லீவு கெடயாது. இருந்ததெல்லாம் அதுக்குத்தான் எடுத்தேன்."

"கிறிஸ்மஸுக்கு வா. வீட்டுக்கு வா."

"வீட்டுக்கா?" சின்னதாக ஒரு சிரிப்பு. "அப்பா வரச்சொன்னார்னு எழுதியிருந்தியே. அது நெசமா?"

கண்ணாடிக்கு வெளியே வரிசை நின்றது. ரோலாந்துக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. "இல்ல. நானா எழுதுனது."

"நெனச்சேன்."

"ஆனா அவர் உன் லெட்டரப் படிச்சிருக்காருடி. நேத்து வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு நாள் முழுக்க—"

"அம்மா, போதும். நீ அவருக்காகப் பேசாதே. எது நெசம், எது நீ சொல்றதுன்னு எனக்குத் தெரியல. சொல்லணும்னா அவரே சொல்லட்டும்."

ரோலாந்த் ரிசீவரை அவன் பக்கம் நீட்டினாள். "உன்னத்தான் கேக்குறா. பேசு."

ஃபெர்னான் அதை வாங்கி, வலது காதில் வைத்துக்கொண்டான். வைத்தான், நின்றான். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. வீங்கிய கட்டைவிரலால் கண்ணாடியைத் தேய்த்தான். ரோலாந்த் அவன் முதுகில் கையை வைத்தாள். அவ்வளவு நெருக்கத்தில் ரிசீவருக்குள் ஆபரேட்டர் பெண் பேசியது அவளுக்கு நன்றாகக் கேட்டது. இன்னும் சில்லறை போடச் சொன்னாள். ரோலாந்த் பையைத் திறந்து துழாவினாள். சீப்பு, ஜெபமாலை, சாவி. ஆபரேட்டர் மறுபடி சொன்னாள். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் ரீங்காரம்.

அதே நொடியில் ஃபெர்னான் பேச ஆரம்பித்தான்.

"க்ளோடெட்! நான் அப்பா!" காது கேளாதவர்கள் கத்துவது போலக் கத்தினான், கூண்டு அதிர்ந்தது. "வீட்டுக்கு வா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வாசப்படியப் பத்திச் சொன்னது. வெலெட்டுக்கு உன்ன ஞாபகமே இல்லம்மா, நாந்தான் ரெண்டு வருஷமா அதையே புடிச்சுத் தொங்கிட்டிருந்தேன். உனக்கு அந்த வேல புடிக்கல, அவ்வளவுதானே. எனக்கும்தான் புடிக்கல. யாருக்குப் புடிக்குது? கிறிஸ்மஸுக்கு வா. அதுக்கு முன்னாலயே வா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு நீ இல்லாம. கேக்குதா? எனக்குக் கேக்காது, நீ பேசாத, நான் சொல்றத மட்டும் கேளு. வா."

ரோலாந்த் அவனை நிறுத்தியிருக்கவேண்டும். கை அவன் முதுகிலேயே இருந்தது. இரண்டு வருஷம் இதைக் கேட்கத்தான் அவள் உயிரோடு இருந்தாள், நடுவில் எப்படி நிறுத்துவது? வெளியே பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும், வெலெட் உள்பட, கூண்டுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்கள். அவன் போட்ட சத்தத்துக்கு உதட்டைப் படிக்கவே தேவையில்லை. இருந்தாலும் திரும்பியிருந்தார்கள்.

அவன் ரிசீவரை மாட்டிவிட்டு முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். கூண்டைவிட்டு வெளியே வந்ததும், "என்ன சொன்னா?" என்றான். "நீ பக்கத்துலதானே இருந்தே."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் இருந்தது அவளுக்கு. "அவளுக்குக் கேக்கல, ஃபெர்னான். நீ ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே லைன் போயிருச்சு."

அவன் அவள் உதட்டைத் திரும்பப் படிக்கிறவன் போலப் பார்த்தான். "ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"இவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

"ஆமா."

"வா, மறுபடி போடலாம்" என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிடிவாதம் இல்லை அது. எல்லாம் எடுத்துக் கொட்டிய சாக்கு மாதிரி நின்றான். "இன்னொரு தடவ என்னால ஆகாது, ரோலாந்த். நெசமாவே ஆகாது. நீ சொல்லிரு. நான் சொன்னத அப்படியே சொல்லிரு."

"நான் சொன்னா நம்பமாட்டா."

அதை அவன் படித்தானா, படிக்காத மாதிரி இருந்தானா, தெரியாது. "லீஸ் தனியா இருப்பா" என்று சொல்லிவிட்டுக் கேபின் பக்கம் நடந்தான். வழியில் ஒருத்தரும் அவனிடம் பேசவில்லை. ஆனால் எல்லோரும் வழி விட்டார்கள்.

வறுவல் கடையில் நோட்டை நீட்டிச் சில்லறை வாங்கிக்கொண்டு ரோலாந்த் வரிசைக்குத் திரும்பினாள். வெலெட் பார்த்துவிட்டு, "நீங்க முன்னால போங்கம்மா, என் மச்சான் எங்கயும் ஓடிப்போயிரமாட்டான்" என்றார்.

"இருக்கட்டும், மிஸ்யே வெலெட். நானும் கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் போய் நின்றாள். முன்னால் பதினோரு பேர். என்னவென்று சொல்வது? எப்படிச் சுற்றி யோசித்தாலும் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது, அப்பா உன்னை வரச்சொன்னார் என்பது. ஏப்ரலிலேயே அதைப் பொய்யாக எழுதித் தீர்த்துவிட்டாள். கூண்டிலிருந்து யாரோ வெளியே வந்தார்கள். வரிசை நகர்ந்தது. அவளும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.